வீங்கும் மூட்டுகளும் வெள்ளணுக்களின் வருகையும்

திருப்பதியில் அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறிச் செல்லும் நடைபாதையில் ஏறத்தாழ 3,550 படிகள் இருக்கின்றன. இப்படிகளில் ஏற இயலாமல் இடையிலேயே அமர்ந்துவிடும் முதியோரின் முழங்கால் வலி பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்ததாகும். பல்லாண்டுகள் பாரம் தாங்கிய மூட்டில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிடுகின்றது, நடந்தால் வலிக்கின்றது, உட்கார்ந்தால் தணிகின்றது. இதே ஊரில் இன்னொரு வகை மூட்டு வலியும் உண்டு. முப்பது அல்லது நாற்பது வயதுடைய பெண்ணொருத்தி காலையில் கண் விழித்ததும் விரல்களை மடக்க முடியாமல் தவிக்கின்றாள். ஒரு மணி நேரம் கழிந்து, கைகளை அசைத்து வேலை செய்யத் தொடங்கிய பின்னரே இறுக்கம் சற்றுத் தளர்கின்றது. மணிக்கட்டுகளும் விரல் மூட்டுகளும் இரு கைகளிலும் ஒருங்கே வீங்கியிருக்கின்றன. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக உள்ளன. முன்னைய வலி உழைப்பினால் மிகுகின்றது. பின்னையது ஓய்விலே மிகுகின்றது. கிராமங்களில் பணியாற்றும் ஊழியர்கள் இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டாலே பாதி நோயறிதல் முடிந்தது எனலாம்.

இரண்டாம் வகையை அழற்சி மூட்டு வாதம் என்பர். இதில் முதன்மையானது முடக்கு வாதம். புது தில்லியைச் சார்ந்த மருத்துவர்கள் ஹரியானாவின் பல்லப்கர் கிராமப் பகுதியில் நடத்தி 1993-ல் வெளியிட்ட கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கூறிற்று. மகாராஷ்டிரத்தின் பிக்வான் கிராமத்தில் பின்னர் எடுத்த கணக்கு இதைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 0.5 சதவீதம் எனக் காட்டிற்று. இவ்விரு அளவுகளையும் கொண்டு பார்த்தால், வயது வந்தோர் 40,000 பேர் வாழும் ஒரு மண்டலத்தில் 200 முதல் 300 பேர் வரை இந்நோயால் வருந்துகின்றனர் என்றாகின்றது. சிறிய எண்ணிக்கையன்று. ஆயினும் சித்தூர், திருப்பதிப் பகுதி மக்களுக்கு மூட்டு வீக்கம் என்றால் என்ன என்பதை முதன் முதலாக ஊர் ஊராக உணர்த்தியது முடக்கு வாதமன்று; ஒரு கொசுக் காய்ச்சல்.

2006-ஆம் ஆண்டின் பாடம்

சிகுன்குனியா என்னும் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியைச் சார்ந்தது. வளைத்து முடக்குவது என்னும் பொருளுடையது. 1952-53-ல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவியபோது இந்நோய் முதலில் விவரிக்கப்பட்டது. இந்தியாவில் 1963-ல் கல்கத்தாவிலும், 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் தோன்றிற்று. வேலூர் சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலேயே உள்ளது. 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பின்னர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும் பரவல் ஏதுமின்றி அடங்கியிருந்தது. பின்னர், 2005-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து மீண்டும் செய்தி வந்தது. 2006 முடிவதற்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ 13 லட்சத்து 90 ஆயிரம் பேர் சந்தேக நோயாளிகளாகக் கணக்கில் வந்தனர். பரிசோதனைக் கூடத்தை எட்டாதவர்கள் இதனினும் பன்மடங்கு இருந்திருத்தல் வேண்டும். பூனாவில் உள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகியவற்றின் மாதிரிகளை ஆராய்ந்து, 1960-களில் வந்த ஆசிய வகைக் கிருமி இதுவன்று, ஆப்பிரிக்க வகைக் கிருமியே புதிதாக வந்திருக்கின்றது என நிறுவிற்று.

திருப்பதியில் 1993-ல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் மருத்துவர் அல்லாடி மோகனும் அவர்தம் உடன் பணியாற்றியோரும், இப்பரவலிலிருந்து கற்றவற்றைத் தொகுத்து 2010-ல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டனர். நோயின் பரவலும், அடையாளங்களும், அதனை உறுதி செய்யும் முறைகளும் அதில் பேசப்படுகின்றன. காய்ச்சல் சில நாட்களில் இறங்கிவிடுகின்றது. கிருமியும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ரத்தத்தை விட்டு நீங்கிவிடுகின்றது. ஆனால் ஒரு பகுதி மக்களுக்கு மணிக்கட்டு, கணுக்கால், விரல் மூட்டுகளின் வீக்கம் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீடிக்கின்றது. கரும்பு வெட்டவும், நிலக்கடலை பறிக்கவும், மாந்தோப்பில் ஏணி ஏறவும் வேண்டிய கைகால்கள் அவை.

இங்கே ஒரு வினா எழுகின்றது. ரத்தத்தில் கிருமி இல்லை. காய்ச்சலும் இல்லை. அவ்வாறாயின் மூட்டை வீங்கச் செய்துகொண்டிருப்பது யார்?

மூட்டின் உள்ளே

ஆரோக்கியமான முழங்காலின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு வேய்ந்திருக்கின்றது. ஒன்று முதல் மூன்று அணுக்கள் அளவே தடிமன் உடையது அது. முட்டையின் வெண்கருவைப் போன்று வழவழப்பான சில மில்லி லிட்டர் நீரை அது மூட்டினுள் காத்து வைக்கின்றது. அந்நீரில் ஒரு கன மில்லி மீட்டருக்கு 200-க்கும் குறைவான வெள்ளணுக்களே இருக்கும். அழற்சி கண்ட மூட்டில் இவ்வெண்ணிக்கை 2,000 முதல் 50,000 வரை உயர்கின்றது. சீழ் பிடித்த மூட்டில் அதற்கும் மேலே போகலாம். வீக்கம் என்று நாம் வெளியே காண்பது உள்ளே வந்து குழுமிய இவ்வணுக்களையும், அவற்றோடு கசிந்த நீரையும், தடித்துப் போன சவ்வையுமே. இவை மூட்டில் பிறந்தவையல்ல. பெரும்பாலானவை எலும்பு மஜ்ஜையில் உண்டாகி, ரத்தத்தின் வழியே அழைத்து வரப்பட்டவை.

வெள்ளணுக்கள் ரத்தக் குழாயின் சுவரைக் கடந்து வெளியேறுகின்றன என்பது பழைய கண்டுபிடிப்பே. 1867-ல் ஜெர்மானிய விஞ்ஞானி கோன்ஹைம், தவளையின் குடல் சவ்வை உருப்பெருக்கியின் கீழ் விரித்து வைத்து மணிக்கணக்கில் உற்று நோக்கினார். வேகமாக ஓடிக்கொண்டிருந்த வெள்ளணுக்கள் மெல்ல மெல்லச் சுவரோரம் ஒதுங்கின. பின் சுவரில் ஒட்டி நின்றன. பின் சுவரின் ஊடே பிதுங்கி மறுபுறம் வந்தன. 1882-ல் இத்தாலியின் மெசினாவில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ், கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சினுள் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சூழ்ந்து அணுக்கள் மொய்த்திருந்தன. அவருக்கு 1908-ல் நோபெல் பரிசு கிடைத்தது. நட்சத்திர மீனுக்கு ரத்தக் குழாயும் இல்லை, நம்மைப் போன்ற மூட்டும் இல்லை. ஆயினும் காயம் பட்ட இடத்திற்கு அணுக்கள் தாமே வழி கண்டு வருகின்றன. எந்த மொழியில் அவை அழைக்கப்படுகின்றன என்பது விளங்க மேலும் நூறு ஆண்டுகள் ஆயின.

அழைப்பின் படிகள்

மூட்டுச் சவ்வில் நிலையாக வாழும் அணுக்கள் கிருமியையோ சிதைவையோ உணர்ந்தவுடன் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 என்னும் புரதங்களை வெளிவிடுகின்றன. இவை அருகிலுள்ள நுண்சிரைகளின் உட்சுவரைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட சுவர் செலக்டின் என்னும் புரதங்களைத் தன் மேற்பரப்பில் நீட்டுகின்றது. ஒரு வகைச் செலக்டின் முன்னமே செய்து வைக்கப்பட்டிருப்பதால் சில நிமிடங்களில் மேலே வந்துவிடும். மற்றொரு வகையைப் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் சில மணி நேரம் ஆகும். வயலோரம் நடப்பவரின் வேட்டியில் ஒட்டுப்புல் பற்றுவது போல, செலக்டின்கள் கடந்து செல்லும் வெள்ளணுக்களை லேசாகப் பற்றுகின்றன. பற்று உறுதியற்றது, பிடி விடும், மீண்டும் பிடிக்கும். எனவே வெள்ளணு நிற்பதில்லை. வேகம் குறைந்து சுவரின் மீது உருள்கின்றது.

உருளும் அணு சுவரின் மீது வைக்கப்பட்டிருக்கும் செய்தியைப் படிக்கின்றது. கீமோகைன் என்னும் சிறு புரதங்களே அச்செய்தி. மனிதரிடம் ஏறத்தாழ ஐம்பது வகைக் கீமோகைன்கள் உள்ளன; அவற்றைப் படிக்கும் ஏற்பிகள் இருபது அளவில் உள்ளன. 1987-ல் இன்டர்லூக்கின்-8 என்பது பிரித்தெடுக்கப்பட்டது. அது நியூட்ரோஃபில் அணுக்களை அழைப்பது. 1989-ல் எம்.சி.பி.-1 கண்டறியப்பட்டது; அது மானோசைட் என்னும் பெரிய வெள்ளணுக்களை அழைப்பது. இவ்விரு வேலைகளிலும் அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷிமுராவின் பங்கு பெரிது. டி அணுக்களை அழைக்கவும் பி அணுக்களை அழைக்கவும் தனித்தனிக் கீமோகைன்கள் உண்டு. ஓடும் ரத்தம் இவற்றை அடித்துச் சென்றுவிடாதோ என்று ஆசிரியர்களிடம் மாணவர்கள் கேட்கக்கூடும். நல்ல வினா. நாளச் சுவரின் மீது சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு மெல்லிய பாசி போன்ற படலம் இருக்கின்றது. கீமோகைன்கள் அதில் சிக்கி நிற்பதால் அடித்துச் செல்லப்படுவதில்லை.

செய்தியைப் படித்த மாத்திரத்தில், வெள்ளணுவின் மேலே மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்னும் புரதம் நிமிர்கின்றது. ஒரு விநாடிக்குள் நிகழ்வது இது. நிமிர்ந்த இன்டெக்ரின் சுவரை இறுகப் பற்றுகின்றது, உருளல் நிற்கின்றது. பின்னர் அணு தட்டையாகிச் சுவரணுக்களின் இடுக்கின் வழியே நுழைந்து திசுவுக்குள் சென்றுவிடுகின்றது. இம்மூன்று படிகளும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு வரிசையாகக் கோக்கப்பட்டன. இன்டெக்ரின் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் ஸ்பிரிங்கர் உள்ளிட்ட மூவருக்கு 2022-ல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வழைப்பு இல்லாமற் போனால் என்ன நேரும் என்பதற்கும் இயற்கையே சான்று தந்திருக்கின்றது. வெள்ளணுக்களில் இந்த இன்டெக்ரினைச் செய்ய இயலாமல் அரிதாகச் சில குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏராளமாக இருக்கும். ஆனால் புண்ணுக்கு அவை வாரா. தொப்புள் கொடி விழத் தாமதமாகின்றது. புண்ணில் சீழே உண்டாவதில்லை. சாதாரணக் கிருமியும் உயிரைப் பறிக்கின்றது. மூட்டைக் கெடுக்கும் அதே அழைப்பு உயிரைக் காப்பதும் ஆகும் என்பதை மறத்தலாகாது. சிகிச்சை முழுவதன் சிக்கலும் இதில்தான் அடங்கியிருக்கின்றது.

ஏன் மூட்டு?

உடலெங்கும் ரத்தக் குழாய்கள் இருக்க, மூட்டுகளை மட்டும் இந்நோய் தேர்வது ஏன்? மூட்டுச் சவ்வின் அடியில் நுண்குழாய்கள் நெருக்கமாக உள்ளன. சவ்வணுக்களுக்கும் மூட்டு நீருக்கும் இடையே மற்ற உறுப்புகளில் காணும் தடுப்புப் படலம் இல்லை. எனவே வந்தவை எளிதில் உட்புகுகின்றன. சிகுன்குனியாக் கிருமி மூட்டைச் சூழ்ந்த நாரணுக்களில் விரும்பிப் பெருகுகின்றது என்பது மற்றொன்று. மூன்றாவது காரணம் அண்மையில் தெளிந்தது. பெல்ஜியத்தின் கெண்ட் நகர ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட எலிச் சோதனைகளில், இழுவிசை மிகுதியாகப் படும் இடங்களிலேயே அழற்சி தொடங்குவதும், பின்னங்கால்கள் தரையில் படாதவாறு வைத்த எலிகளுக்கு அக்கால்களில் அழற்சி தோன்றாமையும் காணப்பட்டன. இழுக்கப்படும் நாரணுக்களே எம்.சி.பி.-1 முதலிய அழைப்புகளை விடுத்து மானோசைட்களை வரவழைக்கின்றன. இதனைப் படித்துவிட்டு நோயாளிகள் அசையவே கூடாது என்று யாரும் கூறிவிட வேண்டாம். சூடும் வீக்கமும் மிகுந்த நாட்களில் அந்த மூட்டுக்கு ஓய்வு வேண்டும். தணிந்த பின் அளவான பயிற்சி நன்மையே செய்கின்றது. எலியின் காலைக் கட்டித் தொங்கவிட்ட சோதனை மனிதருக்கு வைத்திய விதியாகாது.

வந்தவை போகாமை

சாதாரணக் காயத்தில் வந்த வெள்ளணுக்கள் வேலை முடிந்ததும் மடிகின்றன, அல்லது நிணநீர் வழியே வெளியேறுகின்றன. நாட்பட்ட மூட்டு வாதத்தில் இது நிகழ்வதில்லை. மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் நியூட்ரோஃபில்கள் நிரம்பியிருக்கும். அவை விரைவில் மடிபவை. நாள்தோறும் புதியவை வந்தவண்ணம் இருக்கின்றன. சவ்வைச் சிறிது எடுத்துப் பார்த்தாலோ நியூட்ரோஃபில்கள் அரிது. டி அணுக்களும், பி அணுக்களும், விழுங்கும் அணுக்களுமே குடியேறியிருக்கின்றன. ஒரே மூட்டில் இரு வேறு கூட்டங்கள். சவ்வில் குடியேறியவை நெடுநாள் வாழ்கின்றன. ஏனெனில் அங்குள்ள நாரணுக்கள் அவற்றைப் பிடித்து வைக்கும் கீமோகைன்களையும், மடியாமற் காக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. வந்தவை தாமும் கீமோகைன்களை விடுத்து மேலும் பலரை அழைக்கின்றன. முதற் காரணம் மறைந்த பின்னும் அழைப்பு ஓயாமைக்கு இதுவே விளக்கம்.

சிகுன்குனியாவில் முதற் காரணம் உண்மையிலேயே மறைந்துவிடுகின்றதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ரீயூனியன் தீவில் 2005-06-ல் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு இந்நோய் கண்டது. அங்கே ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், தொற்று ஏற்பட்டுப் பதினெட்டு மாதங்களுக்குப் பின்னும், ரத்தக் குழாய்களைச் சூழ்ந்த விழுங்கும் அணுக்களினுள் கிருமியின் எச்சங்கள் இருந்ததாக 2010-ல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. கொலம்பியாவில் நீடித்த வலியுடைய 38 பேரின் மூட்டு நீரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டவர்களோ, சுமார் இருபத்திரண்டு மாதங்களுக்குப் பின் கிருமியின் சுவடே இல்லை என்றனர். முன்னது ஒருவரின் சவ்வு. பின்னது பலரின் நீர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் சரியன்று என்பது எம் கருத்து. கிருமி இல்லாத மூட்டிலும் அழற்சி நீடிக்கக்கூடும் என்ற அளவில் கொலம்பிய ஆய்வு வலிமையுடையது.

ஓர் அழைப்பை மட்டும் நிறுத்தினால்?

சிகுன்குனியா கண்டவர்களின் ரத்தத்தில் எம்.சி.பி.-1 உயர்ந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. நோயுற்ற எலிகளில் விழுங்கும் அணுக்களை ஒழித்தால் பாத வீக்கம் குறைந்தது. எம்.சி.பி.-1 உண்டாவதைத் தடுக்கும் பிண்டாரிட் என்னும் மருந்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொடுத்தபோதும் வீக்கம் குறைந்ததாக 2011-ல் அறிவித்தனர். பிரச்சினை தீர்ந்தது என்றே தோன்றும். ஆனால் 2014-ல் அந்நாட்டின் பிரிஸ்பேன் நகரிலிருந்து வந்த ஆய்வு எதிர்பாராததாக இருந்தது. எம்.சி.பி.-1-ஐப் படிக்கும் முதன்மை ஏற்பியே இல்லாமற் பிறந்த எலிகளுக்கு நோய் கடுமையாகி, நெடுநாள் நீடித்தது. மானோசைட்கள் வாராத மூட்டில் நியூட்ரோஃபில்கள் வந்து குவிந்து குருத்தெலும்பைச் சேதப்படுத்தின. மானோசைட்கள் அழிப்பவை மட்டுமல்ல. துப்புரவு செய்து அழற்சியை அடக்குபவையும் ஆகும் என்பது இதனால் தெரிந்தது.

மனிதரிடமும் இத்தகைய ஏமாற்றமே கிடைத்தது. முடக்கு வாதத்தில் எம்.சி.பி.-1-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருள் 2006-ல் வெளியான சோதனையிலும், அதன் ஏற்பியைத் தடுப்பது 2008-ல் வெளியான சோதனையிலும் பயன் தரவில்லை. ஒரு வாயிலை அடைத்தால் வேறு வாயில்கள் திறந்திருக்கின்றன. சொற்பொழிவுகளில் கீமோகைனை ஏதோ ஒரே சாவி போலக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. உண்மை அத்துணை எளிதன்று.

வெற்றி கிடைத்தது அழைப்புகளுக்கும் மேலே, அவற்றைத் தூண்டும் இடத்தில். லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகிய இருவரும் 1992-ல் டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் எதிர்ப்பொருளை முதன் முதலாக முடக்கு வாத நோயாளிகளுக்குச் செலுத்தினர். பலன் வியக்கத்தக்கது. பின்னர், 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே எடுத்துக் கதிரியக்க இண்டியத்தால் குறியிட்டு மீண்டும் உடலிற் செலுத்தி, கை மூட்டுகளில் அவை எவ்வளவு சேருகின்றன என்று கருவியால் அளந்தனர். மருந்துக்குப் பின் சேர்க்கை தெளிவாகக் குறைந்தது; சவ்வில் கீமோகைன்களும் குறைந்தன. வெள்ளணுக்களின் வருகையைக் குறைத்தால் மூட்டு தணியும் என்பதற்கு இதனினும் நேரான சான்று காண்பதரிது.

ஆனால் நம் நாட்டில் இம்மருந்தைப் பற்றிப் பேசுகையில் காசநோயையும் சேர்த்தே பேசுதல் வேண்டும். உடலில் உறங்கும் காசநோய்க் கிருமிகளை வெள்ளணுக்கள் ஒரு கோட்டை போலச் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கின்றன. அக்கோட்டையை நிலைக்கச் செய்வதும் டி.என்.எஃப்.-தான். மருந்து கொடுத்தவர்களிடம் காசநோய் விழித்தெழுவதை 2001-லேயே கண்டறிந்தனர். எனவே இம்மருந்து தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை இன்றியமையாதது. டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெறும் ஒருவர் இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால், அல்லது மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் காட்டினால், ஊழியர் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

கிராமத்தில் காண வேண்டியவை

காய்ச்சலோடு மூட்டு வலி கண்டவருக்கு முதல் நாட்களில் பாரசிட்டமால் போதும். டெங்கு இல்லை என்று தெளியும் வரை ஆஸ்பிரினும் அதனையொத்த வலி மாத்திரைகளும் ரத்தக் கசிவை மிகச் செய்யலாம். இரு நோயையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசுவாகும். சிகுன்குனியா மூட்டு வலிக்குக் குளோரோகுவின் கொடுக்கும் வழக்கம் 2006-ல் பரவலாக இருந்தது. பூனாவின் மூட்டு நோய் மையத்தைச் சேர்ந்த அரவிந்த் சோப்ரா குழுவினர் 2014-ல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், சாதாரண வலி மாத்திரையைவிட அது மேலானதன்று என்று தெரிந்தது.

பலருக்கு வலி சில வாரங்களில் அடங்கிவிடும். ஆறு வாரம் கடந்தும் மூட்டு வீங்கியிருந்தால், காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்தால், விரல் கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தால், அவரை அனுப்பி வைக்க வேண்டும். இது சிகுன்குனியாவின் எச்சமா, முடக்கு வாதத்தின் தொடக்கமா என்பதை அனுபவமுள்ளவரும் பார்வையினால் மட்டும் சொல்ல இயலாது. 2014-ல் ஹைட்டி நாட்டுக்குச் சென்று சிகுன்குனியா பெற்றுத் திரும்பிய அமெரிக்கத் தொண்டர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர், முடக்கு வாதத்திற்குரிய வரையறைக்கே பொருந்தினர். சி.சி.பி. எதிர்ப்பொருள் பரிசோதனை இங்கே துணை செய்யும். முடக்கு வாதத்தில் அது பெரும்பாலும் காணப்படும். எல்லாவற்றையும் சிகுன்குனியா வலி என்று தள்ளிவிட்டால், முடக்கு வாதத்தில் சிகிச்சைக்கு மிக உகந்த முதல் சில மாதங்கள் வீணாகி எலும்பு அரிக்கப்பட்டுவிடும். அரித்த எலும்பு மீள்வதில்லை.

2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருப்பதியில் மேற்சொன்ன மருத்துவ விஞ்ஞான நிலையமும், அரசினர் ருயா மருத்துவமனையும் உள்ளன. சித்தூர்ப் பக்கத்தவருக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அருகில். அங்கே மூட்டு நோய்க்கெனத் தனித்துறை உண்டு.

ஒரு ஊசியில் வீக்கம் வற்றியது என்று கூறுவோரை எங்கும் காணலாம். அது பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும். ஸ்டீராய்டு அழைப்புப் பொருள்கள் உண்டாவதையே அடக்குகின்றது. வெள்ளணுக்கள் நாளச் சுவரில் ஒட்டுவதையும் குறைக்கின்றது. ஒட்டாத அணுக்கள் ரத்தத்திலேயே சுற்றுவதால், அச்சமயத்தில் ரத்தத்தைச் சோதித்தால் நியூட்ரோஃபில்கள் உயர்ந்திருக்கும். மருத்துவர் அளவிட்டுச் சில காலம் கொடுப்பது முறையே. பெயரில்லாப் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுவதை மாதக் கணக்கில் உண்போருக்குச் சர்க்கரை ஏறுகின்றது, எலும்பு மெலிகின்றது, முகம் உப்புகின்றது. திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். ஆகையால் அத்தகையோரைக் கண்டால் மாத்திரையைப் பிடுங்கி எறியாமல், அதனையும் கையில் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புக.

முடக்கு வாதத்தில் அடிப்படை மருந்து மெதோட்ரெக்சேட். மூட்டில் வெள்ளணுக்கள் சேர்வதைக் குறைப்பதும் அதன் வேலைகளுள் ஒன்று. விலை மலிவானது, கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்க இருப்போருக்கும் ஆகாது. வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டியது இது. நாள்தோறும் உண்ணும் மாத்திரைகளுக்கே பழகிய நம் மக்கள், இதனையும் நாள்தோறும் விழுங்கிவிடுகின்ற விபத்து நேர்கின்றது. சில நாட்களில் வாய் புண்ணாகி, மஜ்ஜை செயலிழந்து, மரணமும் சம்பவிக்கலாம். வீடுகளுக்குச் செல்லும் ஊழியர்கள் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, உண்ண வேண்டிய கிழமையின் பெயரைத் தமிழிலோ தெலுங்கிலோ அதன் மீது பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நலம். ஃபோலிக் அமில மாத்திரை தரப்பட்டிருந்தால் அதற்குரிய கிழமையையும் வேறு நிற மையினால் குறித்தல் வேண்டும்.